பழைய பதிவு வெளியே வந்தால்: முதல் மணித்தியாலத்திலிருந்து முடிவுத் திகதி வரை

கொழும்பில் இது பெரும்பாலும் ஒரு நல்ல செய்தியோடுதான் தொடங்குகிறது. ஒருவருக்கு வங்கியில் முகாமையாளர் பதவி கிடைக்கிறது. அல்லது மாநகர சபைத் தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலில் பெயர் வருகிறது. அல்லது பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளராகிறார். வாழ்த்துப் பதிவைப் பார்த்த யாரோ அவருடைய முகநூல் பக்கத்தை உருட்டிக்கொண்டே போய் 2012 இல் நிற்கிறார். அங்கே ஒரு கிரிக்கெட் மெட்ச் இரவில் எழுதிய இரண்டு வரி கிடக்கிறது. மலையகத்துப் பிள்ளைகளைத் ‘தோட்டக்காட்டான்’ என்றது, முஸ்லிம்களைப் பற்றியோ சிங்களவரைப் பற்றியோ கொட்டியது, சாதியை இழுத்தது, திருநங்கைகளைக் கேலி செய்தது, இவற்றில் ஏதோ ஒன்று. பின்னேரமே அது கூடப் படித்தவர்களின் பட்ச் வட்ஸ்அப் குறூப்புக்கு வந்துவிடும். இரவுக்குள் வெள்ளவத்தையிலிருந்து கனடாவின் ஸ்காபரோ வரை போய்விடும்.

‘பழையதை ஏன் கிண்டுகிறீர்கள்’ என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொல் சுட்ட இடத்தை இந்த நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அரசு முகநூலை நாடளாவிய ரீதியில் முடக்கியது. தன் தளத்தில் பரவிய வெறுப்புப் பேச்சுக்கு அதில் பங்கிருந்ததை ஏற்று, 2020 மே மாதத்தில் அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. ஒரு சமூகத்தை இழிவாக எழுதியவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். பத்து வருடம் கழிந்துவிட்டதால் காயப்பட்டவர் அதை மறக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

ஆனால் கூட்டம் கொடுக்கும் தண்டனைக்கு அளவும் கிடையாது, முடிவும் கிடையாது. யார் தீர்ப்புச் சொன்னார், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆறு வருடம் கழித்து அவரின் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போகும்போதும் அதே ஸ்கிரீன்சொட் வரும். தண்டனை இருக்கட்டும், அது இன்னது, இத்தனை மாதம், இந்தத் திகதியோடு முடிகிறது என்று யாராவது எழுதி வைக்கவேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் வேலை கொடுப்பவர், சங்கம், பாடசாலை, செய்தி ஆசிரியர். அவர்கள் எழுதாவிட்டால் கூட்டம்தான் எழுதும்.

இதற்கு நல்ல உதாரணம் கிரிக்கெட்டில் இருக்கிறது. 2021 ஜூன் 2 ஆம் திகதி லோர்ட்ஸ் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆட இறங்கினார் ஒலி ரொபின்சன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 2012, 2013 காலத்தில் அவர் எழுதிய இனவாத, பெண்வெறுப்பு டுவீட்கள் வெளியே வந்தன. எழுதியபோது பதின்ம வயதின் கடைசி, இப்போது 27. அன்று ஆட்டம் முடிந்ததும் கமராவுக்கு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த டெஸ்டில் 7 விக்கெட் எடுத்தும் விசாரணை முடியும்வரை இடைநிறுத்தப்பட்டார். சில வாரங்களில் தீர்ப்பு வந்தது: 8 ஆட்டத் தடை, அதில் 5 இரண்டு வருடத்துக்கு ஒத்திவைப்பு, மிகுதி 3 ஏற்கெனவே தவறவிட்ட ஆட்டங்களோடு கழிந்தது, 3,200 பவுண் அபராதம், கூடவே சமூக ஊடகப் பயிற்சியும் பாகுபாடு பற்றிய பயிற்சியும். ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக மறுபடி ஆடினார். இடைநிறுத்தியதே கூடிப்போச்சு என்று அந்நாட்டு அமைச்சர்களே சொன்னார்கள். குறைவு என்றவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் வாதிட அங்கே ஒரு எண் இருந்தது. எண் இருந்ததால் முடிவும் இருந்தது.

இன்னொரு பக்கம் 2013 டிசெம்பரைப் பாருங்கள். லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு விமானம் ஏறுமுன் ஒரு பெண் ஆபிரிக்கா, எயிட்ஸ், தோல் நிறம் எல்லாவற்றையும் கலந்து ஒரு மோசமான பகிடியை டுவீட் செய்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய 170 பேர்தான். 11 மணித்தியாலப் பயணம் முடிந்து அவர் இறங்கும்போது உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்தது, பிறகு வேலையும் போனது. அங்கே எண்ணும் இல்லை, திகதியும் இல்லை. வருடக்கணக்கில் அவர் பெயரைத் தேடியவர்களுக்கு முதலில் வந்தது அந்த ஒரு வரிதான்.

முதலில்: அது உண்மையா, முழுமையா?

ஸ்கிரீன்சொட் மட்டும் ஆதாரமாகாது. கணினி பிரவுசரில் திறந்திருக்கும் எந்தப் பக்கத்தின் எழுத்தையும் இரண்டு நிமிடத்தில் மாற்றிப் படமெடுக்கலாம். எனவே முதலில் கேட்கவேண்டியது இணைப்பு. இணைப்பு இல்லையென்றால், அந்தப் பக்கத்தை மேலிருந்து உருட்டிக்கொண்டுபோய் அந்தப் பதிவில் நிற்கும் ஸ்கிரீன் ரெகோர்டிங். இரண்டும் இல்லாத படத்தை ‘உறுதிப்படாதது’ என்ற தட்டில் வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. முகநூல் பழைய பதிவின் பக்கத்தில் இன்றைய முகப்புப் படத்தையும் இன்றைய பெயரையும்தான் காட்டும். பத்தொன்பது வயதில் எழுதிய வரிக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு வயது முகாமையாளரின் கோட் போட்ட படம் நிற்கும். பார்ப்பவருக்கு இன்று காலை எழுதியதுபோல இருக்கும். அந்தப் படத்தில் திகதி வெட்டப்பட்டிருந்தால் வேண்டுமென்றே வெட்டினார்களா என்று சந்தேகப்பட இடமுண்டு. மாறாக, ‘2013 இலேயே நான் எடுத்து வைத்த ஸ்கிரீன்சொட்’ என்று ஒருவர் கொண்டுவரும் படத்தில் போன வருட முகப்புப் படம் இருந்தால், அந்தக் கதை பொய்.

டுவிட்டர் (இப்போது எக்ஸ்) என்றால் எழுத்துகளை எண்ணுங்கள். 2017 நவம்பருக்கு முன் ஒரு டுவீட்டுக்கு 140 எழுத்துக் குறிகள்தான். தமிழில் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே கணக்கில் சேரும். ‘கொ’ என்பது இரண்டு, ‘க்’ என்பதும் இரண்டு. ஆகவே 2013 திகதியோடு 140 குறியைத் தாண்டும் தமிழ் டுவீட் போலியாகத்தான் இருக்கும்.

முகநூல் பதிவின் மூன்று புள்ளியை அழுத்தினால் திருத்த வரலாறு தெரியும். இது இரண்டு பக்கமும் வெட்டும். பழைய பதிவை இப்போது திருத்திச் சாதுவாக்கினால், எப்போது, என்ன மாற்றினார் என்பதை எவரும் திறந்து பார்க்கலாம். விஷயம் வெளியே வந்தபின் திருத்துவது மிகப் பெரிய பிழை, நீக்குவதைவிட மோசம்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. தமிழ்ப் பதிவுக்குக் கீழே ‘மொழிபெயர்ப்பைப் பார்’ என்பதை அழுத்தி வரும் சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ படமெடுத்துப் பரப்புகிறார்கள். பேச்சுத் தமிழும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழும் அந்த இயந்திரத்துக்குச் சரியாகப் பிடிபடாது. வெறும் பகிடி கொலை மிரட்டலாகலாம். அசல் வசை மறைந்தும் போகலாம். 2019 மே மாதம் சிலாபத்தில் நடந்ததை மறக்கக்கூடாது. முகநூல் வாக்குவாதம் ஒன்றில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் ‘அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்’ என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் முடிந்து மூன்று வாரம். அது அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று பரவியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல்களுக்குக் கல் விழுந்தது, அவர் கைதானார், ஊரடங்கு வந்தது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை எந்த மொழிபெயர்ப்பையும் முன்னால் தள்ளாதீர்கள்.

எழுதியவர் அதே நாளில் செய்யவேண்டியவை

வரிசை முக்கியம். முதலில் பதில் எழுதக்கூடாது, நீக்கவும் கூடாது. பதிவையும், அதற்கு மேலும் கீழும் உள்ள கருத்துகளையும், இணைப்பும் திகதியும் தெரியும்படி படமெடுங்கள். முகநூல் செட்டிங்ஸில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. அந்த வருடத்தை மட்டும் தெரிவு செய்து கேளுங்கள், முழுவதையும் கேட்டால் நேரம் எடுக்கும். கோப்பு தயாரானதும் உடனே எடுத்து வையுங்கள். தரவிறக்க இணைப்பு சில நாட்களே உயிரோடு இருக்கும். டுவிட்டரில் இதே கோப்புக்கு ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் காத்திருக்கவேண்டும்.

அதன்பின் பதிவின் பார்வையாளரை ‘ஒன்லி மீ’ ஆக்குங்கள். நீக்கினால் அது யாருக்குப் பதிலாக எழுதப்பட்டது, கீழே யார் என்ன சொன்னார்கள் என்ற முழு இழையும் போய்விடும். நாளைக்கு யாராவது இரண்டு வரியைச் சேர்த்துப் போலிப் படம் செய்தால், அசலைக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. திறந்தே விட்டால் அந்தச் சமூகத்தவர் ஒவ்வொருவராக வந்து அதே வசையை வாசிக்க நேரும். அதோடு பழைய பதிவில் ஒரு கருத்து விழுந்தாலே அது மறுபடி மற்றவர்களின் பக்கத்துக்கு மேலே வரும். நீங்கள் கீழே எழுதும் விளக்கமும் அதை மேலே தள்ளும். மற்றவருடைய பதிவுக்குக் கீழே நீங்கள் எழுதிய கருத்துக்கு இந்த வழி இல்லை. அதன் பார்வையாளரை அந்தப் பதிவின் சொந்தக்காரர்தான் தீர்மானிக்கிறார். அதைப் படமெடுத்துவிட்டு நீக்கத்தான் வேண்டும்.

கணக்கையே முடக்கிவிட்டு ஓடுவது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. செய்யாதீர்கள். உங்கள் பெயர் காணாமல்போன இடத்தில் யாராவது அதே படத்தோடு போலிக் கணக்கைத் திறந்து உங்கள் குரலில் இன்னும் மோசமாக எழுதினால், மறுக்க உங்களுக்கு இடம் இருக்காது.

அடுத்தது வீட்டுக்கும் மேலதிகாரிக்கும் சொல்வது. அவர்களுக்கு மற்றவர் சொல்லித் தெரியக்கூடாது. மேலதிகாரிக்கு இரண்டு வரி போதும்: ‘2012 இல் நான் எழுதிய ஒரு பதிவு இன்று பரவுகிறது, அது நான் எழுதியதுதான், நாளை காலை நேரில் பேச வருகிறேன்.’ பிறகு போனை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். அக்காவோ, நண்பரோ, வரும் செய்திகளை அவர் வாசிக்கட்டும். வசையை விட்டுவிடலாம். மிரட்டலை மட்டும், அனுப்பியவரின் இலக்கமோ கணக்கின் இணைப்போ தெரியும்படி சேமித்து வைக்கவேண்டும். வொய்ஸ் நோட்களை வேறு இடத்துக்குப் பிரதி எடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பியவர் இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை அவற்றை எல்லாருக்கும் அழிக்கலாம். போலிக் கணக்கு, கணக்குத் திருட்டு போன்றவற்றுக்கு இலங்கை சேர்ட் அமைப்பின் 101. உயிருக்கு அச்சுறுத்தல் என்றால் 119. மனம் தாங்காமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 அல்லது சி.சி.சி. லைன் ஆலோசனைச் சேவையின் 1333. கூட இருப்பவர்களுக்கு ஒன்று: இந்த நாட்களில் எழுதியவரைத் தனியே விடாதீர்கள். அவர் எழுதியது எவ்வளவு கேவலமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

மன்னிப்பு

முதல் மணித்தியாலத்தில் எழுதும் மன்னிப்பு பயத்தில் எழுதுவது. அதில் ‘ஆனால்’ நுழைந்துவிடும். மூன்று நாள் கழித்து வருவது யாரோ எழுதிக் கொடுத்ததுபோல இருக்கும். அதே நாள் இரவோ மறுநாள் காலையோ சரியான நேரம். 100 சொல்லுக்குள் நிறுத்துங்கள். என்ன எழுதினேன், எப்போது, யாரைப் பற்றி, அது ஏன் பிழை, இப்போது என்ன செய்கிறேன் என்ற ஐந்தும் இருந்தால் போதும். இப்படி இருக்கலாம்:

‘2012 இல் இந்தப் பக்கத்தில் மலையக மக்களை இழிவுபடுத்தும் சொல்லை எழுதினேன். எழுதியது நான்தான். அப்போது எனக்கு 19 வயது. அது பிழை என்று தெரிந்திருக்க வேண்டிய வயது. இந்த நாட்டைத் தங்கள் உழைப்பால் தாங்கிய மக்களைப் பிறந்த இடத்தை வைத்துக் கேவலப்படுத்தினேன். அதை வாசித்த எல்லாரிடமும், குறிப்பாக அன்று என்னோடு படித்த மலையக நண்பர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பதிவை மறைத்துவிட்டேன், பிரதி என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.’

வரக்கூடாதவை இவை. ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்றால், புண்பட்டதா என்பதே சந்தேகம் என்று ஆகிவிடும். ‘எனக்கு முஸ்லிம் நண்பர்கள் நிறைய’ என்பது அந்த நண்பர்களை உங்களுக்குச் சாட்சியாக இழுப்பது; அவர்களிடம் கேட்டீர்களா? ‘கணக்கு ஹெக் ஆனது’ என்பது பொய்யாக இருந்தால் அடுத்த நாளே பிடிபடும், அதன்பின் எந்த மன்னிப்பும் எடுபடாது. பிறகு, ‘இதைத் தோண்டியவரின் நோக்கம் என்ன’ என்ற கேள்வி. நோக்கம் கெட்டதாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியது அதனால் மாறாது. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியவர் நீங்கள் இல்லை.

எந்த மொழியில் வசைபாடினீர்களோ அந்த மொழியிலும், யாரைச் சொன்னீர்களோ அவர்கள் வாசிக்கும் மொழியிலும் எழுதுங்கள். சிங்களத்தில் எழுத வராவிட்டால் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் திருத்திக் கேளுங்கள். இயந்திரத்தை நம்பி மன்னிப்பையே இன்னொரு சண்டையாக்காதீர்கள்.

குறிப்பிட்ட ஒருவரை எழுதியிருந்தால் பகிரங்க மன்னிப்புக்கு முன் அவருக்குத் தனியாகச் சொல்லவேண்டும். நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது: பெரியம்மாவை, கோயில் தலைவரை, அதிபரை நடுவில் அனுப்பி ‘விட்டுவிடு பிள்ளை’ என்று சொல்லவைப்பது. அது மன்னிப்பே அல்ல, காயப்பட்டவருக்குக் கொடுக்கும் இரண்டாவது நெருக்குதல். நேரடியாக ஒரு முறை எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதோடு நிறுத்துங்கள். மன்னிக்காமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவர் மன்னிக்கவில்லை என்பதற்காகத் தண்டனை முடிவில்லாமல் நீளவேண்டும் என்பதும் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

யோர்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தில் தனக்கு நடந்த இனவாதத்தை 2021 நவம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு முன் சொன்ன வீரர் அசீம் ரபீக்கின் 2011 ஆம் ஆண்டு யூத வெறுப்புச் செய்திகள், அந்தச் சாட்சியத்துக்குச் சில நாட்களிலேயே வெளியே வந்தன. எழுதியது நான்தான், சாட்டு எதுவும் இல்லை என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். பின்னர் யூதப் பெரும்படுகொலையில் தப்பிய முதியவர்களை நேரில் போய்ச் சந்தித்தார். அவர் எழுதியது அவருக்கு நடந்ததைப் பொய்யாக்கவில்லை. காயப்பட்டவரும் காயப்படுத்தியவராக இருந்திருக்கலாம் என்பது தமிழராகிய நமக்குப் புதிதல்ல. ‘பற தெமலா’ என்ற வசையைக் கேட்டு வளர்ந்த நம்மவர் வீட்டுக்குள்ளேயே சாதிப் பேச்சும் மலையகத்தாரைப் பற்றிய இளக்காரமும் ஓடிக்கொண்டிருந்தன.

அலுவலகத்துக்கு

எச்.ஆர். பிரிவுகள் செய்யும் பிழை ஒன்றுதான்: ஸ்கிரீன்சொட் பரவிய அன்றே ‘அவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை’ என்று அறிவிப்பது. வாடிக்கையாளர் பயம் அது. கொழும்பில் இதற்குச் சட்டரீதியான விலையும் உண்டு. ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால், நிறுத்திய பின் வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்கிறது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம். நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்பது, காரணம் கோரும் கடிதம் கொடுத்தீர்களா, உள்ளக விசாரணை வைத்தீர்களா என்பதுதான். வேலைக்குச் சேர்வதற்கு ஐந்து வருடம் முன்பு எழுதியதை வேலையிடக் குற்றமாக நிறுவுவதும் இலகுவல்ல.

ஊழியர் பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை: அன்றே ‘ராஜினாமாக் கடிதம் தந்துவிடுங்கள், இருவருக்கும் மரியாதை’ என்று கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு இரவாவது எடுத்து, தொழில் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் கேளுங்கள். தானாக விலகியவருக்கு நியாயசபையில் பிடிமானம் குறைவு. அரச ஊழியர்களுக்கு, அரச சேவையின் விதிகள் அடங்கிய தாபனக் கோவை தனி வழி. அங்கே கிளைத் தலைவரின் வாய்ச்சொல்லைக் கேட்டு நடக்காமல் எழுத்து மூலமே பதில் கொடுக்கவேண்டும்.

விசாரிப்பவர் கேட்கவேண்டியவை எனக்குத் தெரிந்த வரையில் இவை. எழுதும்போது வயது என்ன? ஒரு தடவையா, வருடக்கணக்கில் ஓடிய பழக்கமா? கடைசியாக எப்போது? அதற்குப் பிறகு அவர் நடந்தது எப்படி? எல்லாவற்றையும் விடக் கனமானது ஐந்தாவது: இன்று அவர் கையில் அந்தச் சமூகத்தவர்மேல் அதிகாரம் இருக்கிறதா? கணக்குப் பிரிவில் இருப்பவர் 2012 இல் மலையக மக்களை இழிவாக எழுதினார் என்பதும், ஆட்சேர்ப்பு நேர்முகத் தேர்வில் உட்காருபவர் எழுதினார் என்பதும் ஒன்றல்ல. ஆசிரியர், தாதி, பொலிஸ், கடன் அனுமதிக்கும் அதிகாரி என்றால், அவர்கள் முன்னே எடுத்த தீர்மானங்களையும் மீண்டும் பார்க்கவேண்டிவரும். வேட்பாளர் என்றால் வாக்காளருக்கு முழுதும் தெரியவேண்டும். அங்கே மறைக்க உரிமை இல்லை.

பிறகு தீர்மானக் கடிதம். உதாரணத்துக்கு: எழுத்து மூல எச்சரிக்கை; நேர்முகத் தேர்வுக் குழுவிலிருந்து 12 மாதம் விலக்கு; அந்தக் காலத்தில் குறிப்பிட்ட பயிற்சி; இன்ன திகதியில் மீளாய்வு; வேறு குற்றம் இல்லையெனில் அந்தத் திகதியோடு முடிவு; அதன்பின் கோப்பிலிருந்து பதவி உயர்வுக்கு இது எடுத்துக்கொள்ளப்படாது. வேறு கம்பனி நற்சான்று கேட்டால் என்ன சொல்வோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடவேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தண்டனை அடுத்த வேலைக்கும் தொலைபேசியில் கூடவே போகும்.

பொலிஸ்

‘பொலிஸில் போட்டுக் குடுப்போம்’ என்பது நம் ஊரில் சுலபமாகச் சொல்லப்படுகிறது. எதைக் கையில் எடுக்கிறோம் என்று தெரிந்து சொல்லவேண்டும். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்காக இயற்றிய 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3 ஆம் பிரிவு, வன்முறைக்கும் பகைக்கும் பாகுபாட்டுக்கும் தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்துக்கு 10 வருடம் வரை சிறை விதிக்கிறது. இதில் கைதானவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். ரம்சி ராசிக், வெறுப்புக்கு எதிராகக் கருத்தால் போராடவேண்டும் என்று எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதம் சிறையில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுப்பைத் தூண்டியவர்கள் வெளியே நடமாடிய காலம் அது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

இன்று, இந்தத் தெருவில், இந்தக் கடையை அடியுங்கள் என்று ஒருவர் எழுதினால் தாமதமில்லாமல் பொலிஸுக்குப் போங்கள். பன்னிரண்டு வருடம் முன்பு எழுதிய வசைக்கு அந்தச் சட்டத்தை இழுத்தால், நாளை அதே சட்டம் ஒரு கவிதைக்காக நம் வீட்டுக் கதவைத் தட்டும்.

பகிர்பவர்களும் பழையதைத் துப்புரவு செய்பவர்களும்

பகிர்பவருக்குச் சொல்ல அதிகமில்லை. இணைப்பும் திகதியும் இல்லாமல் பகிராதீர்கள். பிள்ளைகளின் முகத்தையும் கீழே கருத்துச் சொன்ன மற்றவர்களின் பெயரையும் மறையுங்கள். எழுதும்போது அவர் 16 வயதுக்குக் குறைவென்றால் பெயரையே விடுங்கள். ரொபின்சன் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தபோது இன்னொரு இங்கிலாந்து வீரரின் பழைய டுவீட்டைக் கண்டுபிடித்த விஸ்டன் இணையத்தளம், அதை எழுதியபோது அவருக்கு 16 ஆகவில்லை என்பதால் பெயரை வெளியிடவில்லை. செய்தியும் வந்தது, பிள்ளையும் காப்பாற்றப்பட்டது. அவர் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டிருந்தால் அதையும் சேர்த்தே பகிருங்கள்.

சொந்தப் பக்கத்தைத் துப்புரவு செய்ய நினைப்பவர்களுக்கு, ஒரே இரவில் எல்லாவற்றையும் அழிப்பதைவிட முகநூலின் ‘மெமரீஸ்’ நல்ல வழி. நாளுக்கு ஐந்து நிமிடம் அன்றைய திகதியின் பழைய பதிவுகளைப் பார்த்து முடிவெடுத்தால் ஒரு வருடத்தில் முழுச் சுற்று முடியும். ஆனால் மற்றவர் பக்கத்தில் நீங்கள் எழுதிய கருத்துகள் அங்கே வராது. அவற்றுக்கு அக்டிவிட்டி லொக்கில் ‘கொமென்ட்ஸ்’ பகுதியைத் திறந்து வருடம் வருடமாகப் பார்க்கவேண்டும். மோசமானவை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். குப்பைக்குப் போன பதிவு 30 நாளில் நிரந்தரமாக அழியும். அவசரம் என்றால் ‘லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்’ பொதுவில் உள்ள பழைய பதிவுகளை ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கும்.

டுவிட்டரில் உங்கள் பக்கத்தை உருட்டினால் கடைசி 3,200 வரைதான் தெரியும். பழையது இல்லை என்று நினைத்து ஏமாறாதீர்கள், தேடுபவருக்கு அது கிடைக்கும். அட்வான்ஸ்ட் சேர்ச்சில் உங்கள் கணக்கின் பெயரையும் தொடக்க, முடிவுத் திகதிகளையும் கொடுத்துத் தேடுங்கள். தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும், சிங்களத்திலும் தனித்தனியே தேடவேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதியிருப்போம். பழைய கருத்துக்களங்களில் பாமினி எழுத்துருவில் எழுதியது இன்று கூகுளுக்குப் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றினால் அப்படியே வாசிக்கலாம், வாசிப்பார்கள்.

ஏதாவது அகப்பட்டால், வெளியே வரும்வரை காத்திருக்காமல் அந்த ஆளிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது. அழிப்பது உங்களைக் காப்பாற்றும். அவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கடைசியாகத் தேடல் முடிவுகள். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதத்தில் ஸ்பெயின்காரர் ஒருவரின் வழக்கில் கொடுத்த தீர்ப்பின்படி, காலம் கடந்த தகவலைத் தன் பெயருக்கான தேடலிலிருந்து எடுக்கச் சொல்லி அங்குள்ளவர் கூகுளிடம் கேட்கலாம். அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. நம்முடைய 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அழிக்கக் கோரும் உரிமை எழுதப்பட்டிருந்தாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. செய்யக்கூடியது இரண்டு. மூலப் பக்கத்தில் பதிவு போய்விட்டும் கூகுளில் அதன் வரிகள் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் கூகுளின் படிவத்தில் இணைப்பைக் கொடுத்தால் அது பெரும்பாலும் நீங்கும். செய்தித் தளம் என்றால் செய்தியை அழிக்கச் சொல்லாதீர்கள். நடந்தது நடந்ததுதான், ஆசிரியரும் மறுப்பார். பதிலாக, தீர்மானக் கடிதத்தின் பிரதியை இணைத்து, செய்தியின் மேற்பகுதியில் இற்றைப்படுத்திய குறிப்பு ஒன்றைச் சேர்க்கக் கேளுங்கள்: இன்ன திகதியில் பகிரங்க மன்னிப்புக் கேட்டார், இன்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, இன்ன திகதியில் அது நிறைவடைந்தது. மூன்றே வரி. பத்திரிகை மறுத்தால் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம். முறைப்பாட்டோடு செய்தியின் இணைப்பு, ஆசிரியருக்கு அனுப்பிய கடிதம், அவர் தந்த பதில் மூன்றையும் சேர்த்து அனுப்பவேண்டும்.